முற்றத்துப் புல்லை முதன்முதல் வெட்டிய நாள்

பிள்ளைகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை கோபி கனடாவிலிருந்து போன் எடுத்தபோது ஒரு கேள்வி கேட்டான். புதிதாக வாங்கிய வீட்டுக்கு முன்னால் புற்பாய் விரித்திருக்கிறானாம். ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த கிழமையே வெட்டலாம் என்கிறாராம். மற்றப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதம் தொடக்கூடாது என்கிறாராம். "அப்பா, உங்களுக்கு உதுதானே வேலை. எப்ப வெட்டத் தொடங்கிறது?" என்றான். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். "நாளைப் பாத்து வெட்டுறதில்லையடா, பேந்து சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு கனநேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். உங்கள் அம்மா வந்து, "என்ன, மகனோடை சண்டையோ?" என்று கேட்டார்.

சண்டை இல்லை. அந்தக் கேள்வி என்னை உடுப்பிட்டியில் ஒரு வீட்டு வேலிப் படலையடியில் கொண்டுபோய் விட்டுவிட்டது. கோபிக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த வீட்டைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. அதனால் இரண்டு பேருக்குமாக எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் தர்சினி திருத்தட்டும், அவள்தானே ரீச்சர்.

நான் புல்லு வேலைக்கு வந்தது பிந்தித்தான். அதற்கு முன் சண்டிலிப்பாயில் வெங்காயமும் புகையிலையும் செய்தவன். தோட்டக்காரனுக்குப் புல் என்றால் பிடுங்குவதற்கு. பாத்திக்குள் குந்தியிருந்து பிடுங்கிப் பிடுங்கியே என் நகக்கண் கறுத்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து திரிந்து திரும்பி வந்தபோது காணி பற்றைக்காடாகக் கிடந்தது, கிணறு இடிந்து கிடந்தது. உங்கள் அம்மாவின் ஆட்கள் இருந்த நெல்லியடிப் பக்கம் வந்தோம். அங்கே பூங்கன்று வைத்து விற்கிற ஒரு தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊரில் வீடு கட்டத் தொடங்கிய காலம் அது. வீட்டுக்கு முன்னால் பச்சையாகப் புல் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் தோட்டம் அந்த வேலையையும் எடுத்தது. என்னையும் கூட வேலை செய்த ஜெயத்தையும் அதற்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஜெயம் என் கையைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணை, இவ்வளவு காலமும் புடுங்கினதை எல்லாம் திருப்பி நடச் சொல்லிப்போட்டார் கடவுள்."

வேலை இப்படித்தான். முற்றத்தை ஒரு சாண் ஆழம் கொத்திக் கல் பொறுக்குவோம். எங்கள் மண்ணைக் கொத்தினால் மண்ணைவிடக் கல்தான் கூட வரும். செம்பாட்டு மண்ணும் உக்கிய எருவும் கலந்து போட்டு, நீட்டுப் பலகையால் இழுத்து மட்டம் பார்ப்போம். புற்பாய் தெற்கிலிருந்து லொறியில் வரும். பாய் என்று பெயர், ஆனால் தலையணை அளவுத் துண்டுகள். சுவருக்குக் கல் வைப்பதுபோல, ஒரு வரியின் பொருத்துக்கு நேரே அடுத்த வரியின் பொருத்து வராமல் அடுக்கி, இடைவெளி இல்லாமல் ஒட்ட வைப்போம். தண்ணீர் நிரப்பிய பீப்பாயை மேலே உருட்டுவோம். அடியில் காற்று நின்றால் வேர் மண்ணைத் தொடாது. பிறகு காலையும் பின்னேரமும் தண்ணீர். அந்த ஈரம் பாயைத் தாண்டி அடிமண்ணுக்கு இறங்க வேண்டும்.

கோபி, இதைக் கவனி. விரித்த புல் பச்சையாக நிற்பதைப் பார்த்து வேர் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. பாயோடு வந்த மண்ணிலேயே அது கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும். உயர்ந்தும் வளரும். கீழே நிலத்துக்குள் ஒன்றும் இறங்கியிராது. அந்த நேரத்தில் புல் வெட்டும் மெசினை ஏற்றினால் அதன் சில்லில் பாய் சுருண்டுகொண்டு வரும்.

புல்லு வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் தாரணி மிஸ். விவசாயம் படித்தவர், என் வயதில் பாதி இருக்கும். என்னை "வேலு அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். அவர் புல் பார்க்கிற விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்கூட்டரை வெளியே விட்டு, செருப்பைக் கழற்றி வைப்பார். புதுப் புல்லில் கால் வைக்கமாட்டார். கரையோரமாகச் சுற்றி வந்து ஒரு இடத்தில் குந்துவார். பெருவிரலாலும் இரண்டு விரலாலும் ஒரு பிடி புல்லைப் பிடித்து, நேரே மேலே, மெல்ல மெல்ல இழுப்பார். வெடுக்கென்று இழுத்தால் நுனி அறுந்துவிடும், வேர் என்ன செய்கிறது என்று தெரியாது. மூலையில் ஒருக்கா, நிழல் விழுகிற இடத்தில் ஒருக்கா, மதிலோரம் ஒருக்கா. நடுவில் பார்க்க வேண்டுமென்றால் பலகை போட்டு அதன்மேல் போவார். கடைசியில் ஒரு பாயின் மூலையைத் தூக்கி, அடியில் வெள்ளை வேர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, திருப்பி வைத்து உள்ளங்கையால் அமர்த்துவார். நித்திரையான பிள்ளையைத் தட்டுவதுபோல இருக்கும். எழும்பிக் கை துடைத்த பிறகுதான் வாய் திறப்பார். "வெட்டலாம்" அல்லது "இன்னும் இல்லை." இரண்டில் ஒன்று. அதற்கு முன் நாங்கள் ஒன்றும் கேட்க முடியாது.

"பரியாரியார்கூட உப்பிடி நாடி பாக்கமாட்டார்" என்று ஜெயம் என் காதுக்குள் சொல்லுவான்.

ஒருமுறை சுவிஸிலிருந்து வந்த ஒருவர் பொறுமை இழந்து, "பிள்ளை, நான் அடுத்த கிழமை பிளைட் ஏறவேணும்" என்றார். மிஸ் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்கள் ஏறுங்கோ அண்ணை. புல்லுக்கு டிக்கற் போடேல்லை" என்றார்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. முதல் வெட்டு வரைக்கும் புல் எங்களுடையது. காய்ந்தாலும் கிளம்பினாலும் நாங்கள்தான் பொறுப்பு. முதல் வெட்டை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அது அவர்களின் புல்.

உடுப்பிட்டி வீடு ஒரு குறுகலான ஒழுங்கைத் தெருவின் கடைசியில் இருந்தது. மகேசக்கா என்ற அம்மா தனியே இருந்தார். கணவர் எப்போதோ காலமாகிவிட்டார். மகள் சுகந்தி லண்டனில். புல் பதிக்கச் சொன்னதும் சுகந்திதான். தொலைபேசியில் என்னோடு நேரே கதைத்தார்.

"அண்ணை, அம்மாவுக்கு இழுப்பு. விடியக் காலமை முற்றம் கூட்டுற புழுதியாலைதான் கூடுது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கூட்டாதேங்கோ எண்டால் கேக்கிறா இல்லை. ஆள் வைச்சாலும் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிப்போட்டுத் தானே கூட்டுறா. நீங்கள் முற்றம் முழுக்கப் புல்லுப் போட்டுவிடுங்கோ. மண் இல்லாட்டி என்னத்தைக் கூட்டுறது?"

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. நாங்கள் கொத்தத் தொடங்கியபோது மகேசக்கா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். மூச்சு எடுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும். எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "முழுக்கவோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. மகள் முழுக்க எண்டுதான் சொன்னவ."

"படலையடியுமோ?"

"அதுவும்தான்."

அவர் படலைப் பக்கம் ஒருக்காப் பார்த்தார். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாய் விரித்துப் பீப்பாய் உருட்டி முடித்தோம். இரண்டு கிழமை போனது. மிஸ் வந்து பார்த்தார். "இன்னும் இல்லை" என்றார். இன்னொரு கிழமை போனது. அப்போதும் "இன்னும் இல்லை." அதே லொறியில் வந்த புல்லைப் பருத்தித்துறைப் பக்கம் ஒரு வீட்டில் பதித்திருந்தோம். அங்கே முதல் வெட்டும் முடிந்துவிட்டது. இங்கே புல் நல்ல பச்சை, நன்றாக உயர்ந்தும் விட்டது. இழுத்தால் பாய் அப்படியே கையோடு வந்தது. மிஸ் ஒரு மூலையைத் தூக்கினார். அடியில் வேர் ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு அறுந்த நுனிகள் மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தன.

"கோழி கிளறுதோ தெரியாது" என்றான் ஜெயம்.

"கோழி கிளறினா ஒரு இடம்தான் கிளறும்" என்றார் மிஸ். "உங்கை பாருங்கோ வேலு அண்ணை, புல்லு எல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சு கிடக்கு. சீப்பாலை தலை இழுத்த மாதிரி. ஆரோ ஒவ்வொரு நாளும் அசைக்கினம். அசைஞ்சுகொண்டு இருந்தா வேர் என்னெண்டு பிடிக்கும்?"

அடுத்த நாள் வெள்ளனவே போனேன். ஒழுங்கை முனையில் வரும்போதே சத்தம் கேட்டது. ஈர்க்கு விளக்குமாற்றின் சத்தம். அது எங்கள் ஊரில் விடிகிற சத்தம்தான். ஆனால் இந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது. படலையால் எட்டிப் பார்த்தேன். மகேசக்கா குனிந்து புல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாசலில் தொடங்கி வரிவரியாகப் படலையை நோக்கி. ஈர்க்கு மாட்டி ஒரு பாயின் கரை கிளம்பியது. அவர் விளக்குமாற்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கரையைத் திருப்பி வைத்து, காலால் அமர்த்திவிட்டு, பிறகும் கூட்டினார்.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

அவர் திடுக்கிடவில்லை. "வெள்ளன வந்திட்டியள். தேத்தண்ணி இன்னும் வைக்கேல்லை தம்பி."

"உது புல்லு அக்கா. உதைக் கூட்டக் கூடாது."

"தெரியும். மெல்லத்தான் கூட்டுறன். கிளம்பினதைத் திருப்பி வைச்சுப்போட்டுத்தான் போறனான்."

"மகள் உங்கடை இழுப்புக்காகத்தானே உவ்வளவும் செய்யிறா."

"அவளிலை என்ன பிழை? அவள் நல்லதுக்குத்தான் செய்யிறாள்." படியில் இருந்து மூச்சு வாங்கினார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. "தம்பி, நீங்களும் ஓடித் திரிஞ்ச ஆள்தானே. திரும்பி வரேக்கை முற்றத்திலை புல்லு நிண்ட வீட்டைக் கண்டா என்ன நினைச்சனீங்கள்?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கூட்டிச் சாணகத் தண்ணீர் தெளித்த மண்ணில் ஈர்க்குக் கோடு கிடந்தால், ஒழுங்கையால் போகிற யாருக்கும் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும். திரும்பி வந்த காலத்தில் நாங்கள் கண்ட வீடுகளில் கூரை இருந்தது, கதவுகூட இருந்தது. முற்றத்துப் புல்லைப் பார்த்துத்தான் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டோம்.

"ஆள் இல்லாத வீடு எண்டுதானே நினைச்சனீங்கள்" என்று அவரே சொன்னார். "ரூபனும் அப்பிடித்தானே நினைப்பான்."

ரூபன் அவருடைய மகன், சுகந்திக்கு இளையவன். கடைசிச் சண்டைக் காலத்தில் வன்னிக்குள் இருந்தவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தான் என்று சொல்லவும் யாரும் இல்லை, கண்டேன் என்று சொல்லவும் யாரும் இல்லை.

"அவன் போகேக்கை இது கூட்டின முற்றம். இப்ப வந்து படலையிலை நிண்டு பாத்துப்போட்டு, வீட்டிலை ஆக்கள் இல்லை, விட்டிட்டுப் போயிட்டினம் எண்டு நினைச்சுத் திரும்பிப் போயிட்டான் எண்டால் நான் என்ன செய்யிறது?"

அன்று பின்னேரம் மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மிஸ் படியில் மகேசக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அம்மா, வேர் பிடிக்கும் மட்டும் கூட்டாமல் இருக்க ஏலுமோ?" என்று மிஸ் கேட்டார். "பிடிச்சாப் பிறகு நீங்கள் என்ன செய்தாலும் அது அசையாது. வேணுமெண்டா அதுக்கு மேலாலை கூட்டுங்கோ."

"எவ்வளவு நாளைக்குப் பிள்ளை?"

"நாள் சொல்ல ஏலாது அம்மா. இழுத்துப் பாத்துத்தான் சொல்லுவன்."

மிஸ் அவன் வருவான் என்றும் சொல்லவில்லை, வரமாட்டான் என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு வீட்டில் இருந்து அந்த இரண்டையும் சொல்லாமல் கதைத்த ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை.

மகேசக்கா அன்று தலையாட்டினார், அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அதற்குப் பிறகு புல்லில் விளக்குமாறு படவில்லை. ஆனால் நான் தண்ணீர் விடப் போகிற காலைகளில் அவர் முற்றத்தில் இல்லை. படலைக்கு வெளியே ஒழுங்கையைக் கூட்டிக்கொண்டிருந்தார். தன் வீட்டு வேலியோடு நிற்கவில்லை. முடக்கு வரைக்கும் கூட்டினார், ஒழுங்கைக்குள் திரும்புகிற ஆளுக்கு முதல் அடியிலேயே தெரியட்டும் என்று.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மகேசக்கா, பிரதேச சபையிலை வேலை எடுத்திட்டியளோ?" என்று பகிடி விட்டார்.

"ஓம், உன்ரை வாசலுக்கும் சேத்துத்தான் கூட்டுறன். நீ படு" என்றார் மகேசக்கா.

அந்தப் புழுதியைப் பார்க்க எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. வாளியில் தண்ணீர் கொண்டுபோய் அவருக்கு முன்னால் தெளித்துக்கொண்டு போனேன்.

புல் வேர்விடத் தொடங்கியது. மூலையைத் தூக்கினால் நூல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. மகேசக்காவுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, "அட, இறங்குதுதான்" என்றார். பிறகு மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி இழுப்புக் கடுமையாகி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

சுகந்தி லண்டனிலிருந்து வரும்வரை உடலை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். செத்த வீட்டு ஆயத்தங்களை மகேசக்காவின் தம்பி பார்த்தார். பந்தல்காரர் வருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். ஒருவரும் வெட்டாததால் புல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

"இஞ்சை பாரும் வேலு, சனம் வரப்போகுது. உது பத்தை மாதிரி நிக்குது. மெசினைக் கொண்டந்து ஒருக்கா ஓட்டிவிடும்."

"ஏலாது ஐயா. இப்பத்தான் வேர் இறங்குது. மெசின் சில்லு ஏறினாப் பாய் கிழிஞ்சு கிளம்பும்."

"பந்தல் போட்டுச் சனம் மிதிச்சாக் கிளம்பாதோ? நாளைக்குச் சாகப்போற புல்லுக்கு நீர் இண்டைக்குச் சாத்திரம் பாக்கிறீர்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். மிஸ் வந்து வழமைபோலக் குந்தி, இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விமான நிலையத்திலிருந்து வந்த வான் ஒழுங்கையில் நின்றது. சுகந்தி இறங்கினார். படலையில் கை வைத்தபடி நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"நான் வேறை ஆரின்ரையோ வீட்டுக்கு வந்திட்டன் எண்டு நினைச்சன்" என்றார்.

மாமன்காரர் போய்க் கையைப் பிடித்தார். சுகந்தி என்னைப் பார்த்து, "நீங்கள்தானே வேலு அண்ணை? புல்லைப் பத்தி அம்மா ஏதும் சொன்னவவோ? எனக்குப் போனிலை, வடிவாக் கிடக்குப் பிள்ளை எண்டு மட்டும்தான் சொன்னவ" என்று கேட்டார்.

தாய் ஏன் கூட்டினார் என்பதை நான் சொன்னேன். ரூபன் வந்து படலையில் நின்று பார்ப்பான் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். ஒழுங்கை கூட்டியதையும் சொன்னேன். சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்கிற பிள்ளைக்கு மறைக்க எனக்கு வாய் வரவில்லை. சுகந்தி வானின் படியில் இருந்து கேட்டார். கடைசியில், "நான் அந்த இழுப்பை மட்டும்தான் யோசிச்சனான்" என்றார். பிறகு எழும்பினார்.

"மாமா, வெட்ட வேண்டாம். அண்ணை, உதை எடுங்கோ. அம்மாவைக் கூட்டின முற்றத்தாலை கொண்டுபோவம்."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் கையைத் துடைக்கவில்லை. "ஜெயத்தையும் வரச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதல் பாயின் மூலையைத் தானே பிடித்துத் தூக்கினார்.

புதுப் புல்லை நாங்கள் அப்படி எடுத்தது அந்த ஒரு முறைதான். வேர் நூல் போல இருந்ததால் இழுத்த இழுப்பில் வந்தது. வரும்போது துணி கிழிவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. ஜெயம் அன்று பகிடி ஒன்றும் விடவில்லை. எடுத்த பாய்களைக் கிணற்றடியில் வாழைகளுக்குக் கீழே கொண்டுபோய் விரித்தோம். சாகவிடாதேங்கோ என்று மிஸ் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது, பழக்கம்.

முற்றம் மண்ணாகியதும் சுகந்தி குசினிப் பக்கம் போய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பயணம் வந்த உடுப்போடு. சொந்தக்காரப் பெண்கள், "விடு பிள்ளை, நாங்கள் கூட்டுறம்" என்று வாங்கப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. வாசலில் தொடங்கி வரிவரியாகப் படலை வரைக்கும் கூட்டினார். மகேசக்கா கூட்டிய அதே திசை. கடைசி வரியைக் கூட்டி முடித்துப் படலைக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தார். மகேசக்காவின் பெட்டி வந்து இறங்கும்போது அந்த மண்ணில் ஈர்க்குக் கோடு அழியாமல் கிடந்தது. பின்னேரம் சனத்தோடு சனமாக அவரைக் கொண்டுபோனபோது எல்லாம் காலடியாகிவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள் மிஸ்ஸும் நானும் போனோம். சுகந்தி வீட்டுச் சாமான்களைக் கட்டி முடித்திருந்தார். கிணற்றடியில் நின்று, வாழைக்குக் கீழே பச்சையாக நின்ற பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நாளைக்குப் போறன் அண்ணை. வீட்டைப் பூட்டத்தான் வேணும். முற்றத்தை ஆர் கூட்டுறது? ஆள் பிடிச்சாலும் பூட்டின வீட்டை எத்தினை நாளைக்குக் கூட்டுவினம்? ஒரு மழையோடை தானாப் புல்லு வந்திடும். அம்மா எதுக்குப் பயந்தாவோ அதுதான் நடக்கப்போகுது."

மிஸ்தான் சொன்னார். "தானா வந்த புல்லும் வெட்டின புல்லும் ஒண்டில்லை அக்கா."

சுகந்தி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடுவயது ஆள், அவருக்கே வளர்ந்த பிள்ளைகள். ஆனால் கேட்டபோது சின்னப் பிள்ளை கேட்பதுபோலத்தான் இருந்தது.

"வெட்டின புல்லைப் பாத்தா, வீட்டிலை ஆள் இருக்கெண்டு தெரியுமோ அண்ணை?"

"தெரியும்" என்றேன். "தானா வெட்டுப்படுமோ? வெட்ட ஒருத்தன் இருக்கத்தானே வேணும்."

அப்படித்தான் அந்தப் பாய்களைத் திரும்பவும் முற்றத்தில் பதித்தோம். வாழைக்குக் கீழே அவை வேர்விடத் தொடங்கியிருந்தன. மண்வெட்டியால் சீவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தமுறை யாரும் அசைக்கவில்லை. மாரி மழையும் உதவியது. மிஸ் வந்து மூலை, நிழல், வேலியோரம், நடு என்று எல்லா இடமும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "வெட்டலாம்" என்றார்.

கோபி, உன் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. இரண்டு மூன்று கிழமையில் சில புல் பிடிக்கும், சில பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற நாளைக் கேட்காதே. நேரே மேலே மெல்ல இழுத்துப் பார். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு எழும்பாதே, நாலு இடத்தில் பார். பாய் கிளம்பாவிட்டால் வெட்டலாம். வெட்டுகிறதுக்கு முன் ஒன்றிரண்டு நாள் தண்ணீரை நிறுத்து, நிலம் இறுகட்டும். மெசின் கத்தி கூராக இருக்க வேண்டும், மழுங்கல் கத்தி வெட்டாது, பிய்க்கும். கத்தியை உயர்த்தி வை. முதல் வெட்டில் நுனி மட்டும்தான், மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதே. மிகவும் வளர்ந்திருந்தால் கொஞ்ச நாள் விட்டுவிட்டு இரண்டாம் முறை இன்னும் தாழ்த்தி வெட்டு. பனி காய்ந்த பிறகு வெட்டு. மெசினைப் புல்லின் மேலே நின்று வெடுக்கென்று திருப்பாதே.

வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிற எங்கள் முறைக்கு அன்று ஆள் இல்லை. மிஸ் சுகந்திக்கு வீடியோக் கோல் எடுத்தார். ஜெயம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். லண்டனில் அப்போது நன்றாக விடியவில்லை, சுகந்தி இருட்டு அறைக்குள் இருந்தார்.

"எங்கையாலை தொடங்க?" என்று கேட்டேன்.

"படலையடியிலை இருந்து" என்றார்.

படலையில் தொடங்கி வாசற்படி வரை நேரே ஒரு வரி வெட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அந்த வரி மட்டும் வெளிச்சமாகக் கிடந்தது. பிறகு மற்ற வரிகளை வெட்டினேன். சுகந்தி முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் "சரி அண்ணை" என்றார். போனை வைத்துவிட்டார்.

மெசினைப் படலைக்கு வெளியே கொண்டுவந்து துடைத்துக்கொண்டிருந்தபோது மீன்காரர் மோட்டார்சைக்கிளில் வந்தார். முடக்கோடு திரும்பிப் போகிறவர், அன்று ஒழுங்கை முடியும் மட்டும் வந்து நிறுத்தி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"முற்றம் வடிவாக் கிடக்கு. வீட்டுக்காரர் வந்திட்டினமோ ஐயா?"

மிஸ் ஹெல்மெற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜெயமும் பார்த்தான்.

"ஓம்" என்றேன். "ஆக்கள் இருக்கினம்."

"அப்ப மீன் எடுக்கேல்லையோ?"

நான் எடுத்தேன். பெரிய பாரை. ஏன் இவ்வளவு மீன் என்று அம்மா அன்று என்னை ஏசினார், உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது.

வேலையிலிருந்து நிற்கும்வரை அந்த வீட்டுப் புல்லை நான்தான் வெட்டினேன். தாரணி மிஸ் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டார். இப்போது ஜெயம் வெட்டுகிறான். போன மாதம் சந்தையில் அவனைக் கண்டேன். மீன்காரர் இன்னும் ஒவ்வொரு காலையும் அந்தப் படலையடியில் நின்று மோட்டார்சைக்கிள் கோர்னை அடித்துப் பார்க்கிறாராம். ஒரு நாள் ஜெயம் வெட்டிக்கொண்டு நின்றபோது கேட்டாராம், "தம்பி, உந்த வீட்டுக்காரர் சைவமோ? எவ்வளவு கோர்ன் அடிச்சாலும் ஒருத்தரும் வெளியிலை வருகினமில்லை" என்று.

"நீ என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

ஜெயம் மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"வருவினம், நீங்கள் அடிச்சுப் பாருங்கோ எண்டு சொன்னனான் அண்ணை" என்றான்.